பளபளன்னு இருந்தா ப்ரூஃப் காசு ஆயிருமுங்களா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல ஆன்லைன்ல விக்கற ப்ரூஃப் காசைப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டனுங்க, அவ்வளவுதான், தபாலும் வாட்ஸ்அப்பும் ரொம்பிப் போச்சு. அதுல பாதி ஒரே ஒரு மங்கலான போட்டோவைப் போட்டு 'இது ஒரிஜினலுங்களா?'ன்னு கேட்டது. பதில் சொல்ல முடிஞ்சதை மட்டும் எடுத்து வச்சிருக்கேன். நான் டீலர் இல்லீங்க, கணபதியில லேத்தும் பவர் பிரஸ்ஸும் போட்டுப் பட்டறை நடத்தறவன், முப்பது வருசமா காசு சேக்கறேன், அதுல ரெண்டு மூணு வாட்டி நல்லா ஏமாந்தும் இருக்கேன், இதை எழுத எனக்கு இருக்கற தகுதி அதுதான்.

அண்ணா, 'ப்ரூஃப் காயின்'னு போட்டிருந்ததைப் பாத்து ஒரு நூறு ரூபா வெள்ளிக்காசு ஆன்லைன்ல வாங்குனேன். காசு வந்துருச்சு, ப்ரூஃப் ஒண்ணும் கூட வரல. எங்கீங்க ப்ரூஃப்னு கேட்டா விக்கறவர் சிரிக்கற பொம்மை அனுப்பறாரு. ஏமாந்துட்டேனுங்களா?
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

அந்தாளு சிரிச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க தம்பி, இதே கேள்வியை நானும் ஒரு காலத்துல டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில கேட்டு அசிங்கப்பட்டவன்தான். இங்க ப்ரூஃப்னா ஆதாரம் இல்லீங்க. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தா பிரஸ்காரர் முதல்ல ஒண்ணு அடிச்சு 'ப்ரூஃப் பாத்துருங்க'ன்னு குடுப்பாருல்ல, அந்த ப்ரூஃப். அந்தக் காலத்துல நாணயச்சாலையில புது அச்சு வெட்டுனா, அது சரியா விழுதான்னு பாக்க முதல்ல கொஞ்சம் காசை ரொம்பக் கவனமா அடிச்சுப் பாப்பாங்க, அதுக்கு வந்த பேரு. இப்ப அதையே சேக்கறவங்களுக்குன்னு தனியா அடிச்சு விக்கறாங்க.

எப்படி அடிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் பாக்கறதுக்குக் கண்ணு வருமுங்க, அதனால இதைக் கொஞ்சம் இழுத்தே சொல்றேன். என்ர பட்டறையில வாஷர் அடிக்கறப்ப தகட்டைத் தள்ளிவிட்டா டக்கு டக்குன்னு விழுந்துட்டே இருக்கும், புழக்கத்துக்கு வர்ற காசும் ஏறக்குறைய அப்படித்தான், ஒரு அடி, அடுத்தது, அடுத்தது, விழுந்ததெல்லாம் ஒரே தொட்டியில ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டுக் கெடக்கும். ப்ரூஃப் அப்படி இல்ல. தகட்டு வட்டத்தையே முதல்ல மெருகேத்தி, அச்சோட சமதளத்தைக் கண்ணாடி மாதிரி தேச்சு, உருவம் எழுத்து வர்ற பள்ளத்தை மட்டும் சொரசொரன்னு விட்டு, ஒவ்வொரு காசையும் கையால எடுத்து வச்சு ஒண்ணுக்கு மேல அடி குடுத்து அழுத்தி எடுப்பாங்க. அதனாலதான் ப்ரூஃப் காசுல வெறும் எடம் கண்ணாடியாவும், தலையும் எழுத்தும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையாவும் இருக்கும். நூறு ரூபாக் காசைத் தினத்தந்தி மேல கொஞ்சம் சாச்சுப் புடிச்சீங்கன்னா வெறும் எடத்துல தலைப்பு எழுத்து தலைகீழாத் தெரியோணும், நானெல்லாம் அப்படித்தான் பாக்கறது. நாணயச்சாலையே யுஎன்சின்னு இன்னொரு ரகமும் விக்குது, அது புழங்காத புதுக்காசு, நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கண்ணாடி இருக்காது, விலையும் கம்மி. யுஎன்சியை ப்ரூஃப்னு சொல்லி விக்கறதுதான் ஆன்லைன்ல நடக்கற சாதாரணத் திருட்டு. உங்க காசை எழுத்து தெரியுதான்னு பாத்துட்டு மறுபடி எழுதுங்க தம்பி.

ஐயா, எங்கூர்க்காரருன்னு ஆசைப்பட்டு சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு நூறு ரூபா ப்ரூஃப் காசு வாங்குனேன். தலை, எழுத்து, வெறும் எடம் எல்லாமே ஒரே மாதிரி தகதகன்னு இருக்குது. பெட்டி ஒரிஜினல் மாதிரித்தான் இருக்குது. காந்தத்துல ஒட்டல. நல்ல காசுதானுங்களா?
– தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

செங்குட்டைப்பாளையத்துல பொறந்து பசுமைப் புரட்சிக்கு அடி போட்டவரு, 1998ல பாரத ரத்னா வாங்குனவரு, அவரு காசை பொள்ளாச்சிக்காரர் வச்சிருக்கோணும்னு நெனைக்கறது ஞாயம்தானுங்க. 2010ல அவர் நூற்றாண்டுக்கு நூறு ரூபாயும் அஞ்சு ரூபாயும் வந்துச்சு. ஆனா நீங்க எழுதுனதுல 'எல்லாமே ஒரே மாதிரி தகதகன்னு'ங்கறது எனக்குப் புடிக்கல. ஒண்ணு, யாரோ யுஎன்சி காசை எடுத்து பஃப் அடிச்சிருக்கோணும், அதாவது சுத்தற துணிச்சக்கரத்துல வச்சு மெருகு ஏத்தியிருக்கோணும், இல்லீன்னா காசே வேற.

பஃப் அடிச்ச சாமானை நம்ம ஊர்ல கண்டுபிடிக்கத் தெரியாதவங்க யாரு, கிரைண்டர் டிரம்முல இருந்து பம்ப் பாடி வரைக்கும் அடிக்கறோம். நகைக்கடைக்காரங்க வச்சிருக்கற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க. எழுத்தோட ஓரத்தைப் பாருங்க, நல்ல ப்ரூஃபுல ஓரம் கத்தி மாதிரி நிமிந்து நிக்கும், பஃப் அடிச்சதுல சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கும். வெறும் எடத்துல மெல்லிசா கோடு தெரிஞ்சாலும் ஒடனே பயந்துராதீங்க, அச்சைத் தேச்ச கோடும் காசுல விழும், அது மேடாத் தெரியும், எழுத்துகிட்ட வந்ததும் நின்னுரும். காசைத் தேச்ச கோடு பள்ளம், அது எழுத்து மேலயும் ஏறி அந்தப்பக்கம் போகும். இந்த ஒரு வித்தியாசம் புடிபட்டுச்சுன்னா பாதி டீலருங்க உங்ககிட்ட கதை விட முடியாது.

காந்தத்தை நம்பாதீங்க. இரும்பா இருந்தா மட்டுந்தான் அது சொல்லும். செம்பு, பித்தளை, செம்புநிக்கல் எதுவுமே காந்தத்துல ஒட்டாது, போலிக்காசு அடிக்கறவனுக்கு அது நல்லாவே தெரியும். பெட்டியையும் நம்பாதீங்க, பெட்டி நாணயச்சாலையோடதாவும் உள்ள இருக்கற காசு வேறயாவும் இருக்கறது சகஜம். ஒவ்வொரு நினைவுக் காசுக்கும் மத்திய நிதியமைச்சகம் கெஜட்ல அறிவிப்பு போடும், விட்டம், எடை, உலோகம், விளிம்புல எத்தனை பல்லு, எந்தப் பக்கம் என்ன எழுத்து எல்லாம் அதுல இருக்கும், இணையத்துல காசு குடுக்காமயே எறக்கிக்கலாம், அதை வச்சு ஒப்பிடுங்க. இந்த ரக நூறு ரூபா 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம், விளிம்புல 200 பல்லு, பாதி வெள்ளி, 40 சதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் அஞ்சஞ்சு சதம். வெர்னியர் இல்லீன்னா பக்கத்துல ஏதாவது லேத் பட்டறைக்குப் போங்க, ஒரு டீக்கு அளந்து குடுத்துருவாங்க.

இப்ப என்ர கதை. ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட இதே ரகத்துல ஒரு நூறு ரூபா வாங்குனேன், வந்த அன்னிக்கே தராசுல போட்டா 35.02 கிராம், விட்டம் 44, சந்தோசமா பீரோவுல வச்சுட்டேன். ஆறு மாசம் கழிச்சு ராஜ வீதியில தெரிஞ்ச ஆசாரிகிட்ட வேற வேலையாப் போனப்ப சும்மா காட்டுனேன். அவரு காசைக் கையில வாங்கி ரெண்டு வெரலுக்கு நடுவுல புடிச்சுப் பாத்துட்டு 'கொஞ்சம் தடிமனா இருக்குதுங்களே'ன்னாரு. பொறகு ஒரு டம்ளர்ல பேட்டரிக்கு ஊத்தற தண்ணியை (ஆசிட் இல்லீங்க, டிஸ்டில்டு வாட்டர்) ஊத்தி அதைத் தங்கத் தராசு மேல வச்சு, சைபர் பண்ணிட்டு, காசை நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டாரு, அடியிலயும் படாம, ஓரத்துலயும் படாம, கையில புடிச்ச மேனிக்கு. தராசு 3.92 காட்டுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவரு சொன்னாரு, பாதி வெள்ளி இருந்தா இந்த எடைக்கு 3.7கிட்ட வரோணுமுங்க, இது வெள்ளியே இல்ல, செம்புநிக்கல்ல அடிச்சு மேல வெள்ளி முலாம். அப்புறந்தான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், 35 கிராம் நெஜக்காசு ஒதுக்கற தண்ணி 3.67 கிராம், செம்புநிக்கல்னா 3.91, அச்சடிச்ச மாதிரி சரியா இருந்துச்சு. எடையை 35க்குக் கொண்டாறணும்னு தடிமனைக் கூட்டியிருக்கான், நான் எடையைப் பாத்தேன், விட்டத்தைப் பாத்தேன், நாளெல்லாம் வெர்னியர் புடிக்கற கையி தடிமனைப் பாக்கல. வித்தவரோட ஃபோன் அதுக்குள்ள சுவிட்ச் ஆஃப்.

இந்தத் தண்ணிச் சோதனையைச் சந்தேகம் இருக்கற காசுக்கு மட்டும் பண்ணுங்க. ப்ரூஃப் மொகத்துல சாதாத் தண்ணி காஞ்சா கறை நின்னுரும், பேட்டரித் தண்ணிதான் வேணும், வெளிய எடுத்ததும் டிஷ்யூல ஒத்தி எடுங்க, தொடைக்கவே கூடாது. காசு மேல காத்துக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்குத் தப்பும். டச் பாக்கற கடையில மெஷின்ல வச்சா ஆகாதான்னு கேப்பீங்க, அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், முலாம் கொஞ்சம் தடியா இருந்தா 'நல்ல வெள்ளி'ன்னே காட்டும். பாதி வெள்ளி இருக்க வேண்டிய காசுக்கு மெஷின் 99 காட்டுச்சுன்னா சந்தோசப்படாதீங்க, அதுவே மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

சார், காசு முழுக்க வானவில் மாதிரி ஊதா, பச்சை, தங்கக் கலர் வந்திருக்கற ப்ரூஃப் காசு ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன். 'இயற்கையான டோனிங், அபூர்வம்'னு மூணு மடங்கு விலை சொல்றாங்க. வாங்கலாமா?
– பண்ணைக்காரர், நாமக்கல்

நாமக்கல்ல இருந்துக்கிட்டு இதை என்கிட்டக் கேக்கறீங்களே! வெள்ளி கறுக்கறது கந்தகத்துனால, முட்டை மஞ்சக்கருவுல கந்தகம் இருக்குது. ஒரு முட்டையை நல்லா வேக வச்சு, ரெண்டா வெட்டி, காசோட ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி வச்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள முதல்ல மஞ்சள், பொறகு செவப்பு, ஊதா, நீலம்னு கலர் ஏறும், விட்டா கறுத்தே போயிரும். உங்க பண்ணையில ஒரு தட்டு முட்டை இருந்தா ஒரு மூட்டை அபூர்வக் காசு பண்ணலாமுங்க.

நெஜமாவே வருசக்கணக்குல பெட்டிக்குள்ள இருந்து வந்த கலரும் உண்டு, இல்லைன்னு சொல்லல. அது பெரும்பாலும் ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு மெல்ல வெளுத்துக்கிட்டே வரும், அடியில கண்ணாடிப் பளபளப்பு உசுரோட இருக்கும், எழுத்துக்குப் பக்கத்துல கலர் கொஞ்சம் வெலகி நிக்கும். செஞ்சு வச்ச கலர் காசு மேல மெதந்துக்கிட்டு இருக்கும், எண்ணெய் சிந்துன ரோட்டு மாதிரி. போட்டோவுல இதைப் புரிஞ்சுக்கறது கஷ்டம், அதுலயும் விக்கறவங்க கலரை ஏத்திவிட்ட போட்டோன்னா சுத்தம். எனக்குன்னு கேட்டா, ப்ரூஃப் காசுக்குக் கண்ணாடி மொகந்தான் அழகு, வானவில்லுக்கு மூணு பங்கு நான் குடுக்க மாட்டேன்.

அண்ணா, என் வீட்டுக்காரர் ஆசையா வச்சிருந்த வெள்ளிக்காசெல்லாம் மங்கலா இருக்குதேன்னு ஆயுத பூசைக்கு விபூதி போட்டுத் தேச்சு, ரெண்டைப் புளியிலயும் போட்டு எடுத்தேன். நல்லாத்தான் மின்னுச்சு. அவரு வந்து பாத்துட்டு மூணு நாளா பேசவே இல்ல. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?
– ஒரு அக்கா, ஈரோடு

அம்மணி, அவரு மூணு நாள் பேசாம இருந்தது கொறச்சலுங்க. குத்துவிளக்குக்கு விபூதி சரி, ப்ரூஃப் காசுக்கு அது உப்புத்தாள் போட்ட மாதிரி. அந்தக் கண்ணாடி மொகத்துல பஞ்சை வச்சுத் தொடைச்சாக்கூடக் கோடு விழும், லைட்டுக்குக் கீழ சாச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூறு கோடு தெரியும். அது போகவே போகாது, எந்த மருந்தும் கெடையாது, யாராவது 'எடுத்துத் தாரேன்'னு சொன்னா இன்னும் கெடுப்பாங்க. புளியில போட்டது மேல்தோலைத் தின்னுட்டு ஒரு செத்த வெள்ளையைக் குடுத்திருக்கும். வெள்ளி எங்கயும் போகல, சேக்கறவங்க கூடக் குடுக்கற காசுதான் போயிருச்சு.

மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தலாம். காசுல பச்சையா பிசுபிசுன்னு ஏதாவது இருந்துச்சுன்னா அது பிவிசி கவர்ல இருந்து எறங்கறது, பழைய ஆல்பம் எல்லாம் அந்தக் கவர்தான், ஒடனே வெளிய எடுத்துருங்க. அதுக்கு மட்டும் சுத்தமான அசிட்டோன்ல முக்கி எடுக்கலாம், தேய்க்காம, நகப்பூச்சு அழிக்கறது ஆகாது, அதுல எண்ணெய், வாசனையெல்லாம் கலந்திருக்கும். மத்தபடி காசு அளவுக்கே வர்ற கெட்டியான பிளாஸ்டிக் கேப்ஸ்யூல்ல போட்டு, கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வச்சு, மரப்பெட்டி, ரப்பர் பேண்டு, நியூஸ்பேப்பர் எதுவும் பக்கத்துல இல்லாமப் பாத்துக்கங்க. எடுக்கறப்ப விளிம்பை மட்டும் புடிங்க, மொகத்துல வெரல் பட்டா அன்னிக்குத் தெரியாது, ரெண்டு வருசம் கழிச்சு உங்க கைரேகை அதுல பழுப்பா எந்திரிச்சு வந்து நிக்கும், அப்ப யார் தொட்டதுன்னு வீட்டுக்காரருக்கு சாட்சியே வேண்டாம். நோம்பிக்குப் பண்ணற சாமான் சுத்தத்துல அந்தப் பெட்டியை மட்டும் விட்டுருங்க அம்மணி.

பிஎஃப் 70ன்னு லேபிள் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணி வர்ற காசுன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாந்தானே? எனக்குப் பனியன் கம்பெனி வேலையில இதெல்லாம் சோதிச்சுப் பாக்க நேரம் இல்ல.
– திருப்பூர்

கண்ணைத் தொறந்துட்டு வாங்குங்க. பிசிஜிஎஸ், என்ஜிசின்னு அமெரிக்காவுல ரெண்டு பெரிய கிரேடிங் கம்பெனிங்க, காசைப் பாத்து 70க்கு இத்தனைன்னு மார்க் போட்டு சீல் வச்சுக் குடுப்பாங்க. அந்த 70 கணக்கு 1949ல ஷெல்டன்னு ஒருத்தர் போட்டது, நம்ம பரீச்சை மாதிரி நூத்துக்கு இல்ல. நல்ல ஏற்பாடுதான். ஆனா உங்க தொழில்ல பிராண்ட் லேபிள் தனியா கெடைக்குங்கறது உங்களுக்குத் தெரியாததா? அதே மாதிரி பெட்டியும் லேபிளும் போலியா வருது. லேபிள்ல இருக்கற நம்பரைக் கம்பெனியோட வெப்சைட்ல போட்டா என்ன காசு, என்ன மார்க்னு காட்டும், நெறைய காசுக்குப் போட்டோவும் இருக்கும். நம்பர் சரியா இருந்தா மட்டும் போதாது, வேற ஒரு நெஜக்காசோட நம்பரைத் திருடிப் போட்டிருப்பாங்க, அதனால அந்தப் போட்டோவுல இருக்கற புள்ளி, கீறல் உங்க காசுலயும் அதே எடத்துல இருக்குதான்னு பாக்கோணும். அஞ்சு நிமிசம். ஒரு பீஸைச் செக் பண்ணி மடிக்கற நேரங்கூட ஆகாது.

மகள் கல்யாணத்துக்குக் காசுமாலையில கோக்கறதுக்கு 1911 ஜார்ஜ் தலை ப்ரூஃப் சவரன் ஒண்ணு ஆன்லைன்ல தங்க விலைக்குப் பாதியில கெடைக்குது. கண்ணாடி மாதிரி மின்னுது. வாங்கட்டுமா?
– கரூர்

வாங்காதீங்க. தங்கத்தைப் பாதி விலைக்குக் குடுக்கறவரு ஒண்ணு திருடுனதைக் குடுப்பாரு, இல்லீன்னா தங்கமே இல்லாததைக் குடுப்பாரு. நாம சொல்ற பவுன் கணக்கே இந்தக் காசுல இருந்து வந்ததுதானுங்க, இங்கிலீஷ்காரன் பவுண்டு நம்ம வாயில பவுன் ஆச்சு, சவரன் 7.98 கிராம், அதைத்தான் எட்டு கிராம்னு வச்சுக்கிட்டோம். 22 கேரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர். தண்ணியில தொங்கவிட்டா 0.45 கிராம்தான் காட்டும், தங்கம் அவ்வளவு கனம், பித்தளைக்கு மேல முலாம் போட்டு அதே எடைக்குக் கொண்டாறணும்னா காசு ரெண்டு மடங்கு தடிமனாயிரும். தங்கக் காசுல தடிமனை மறைக்க முடியாது.

இன்னொண்ணு, மின்னறதாலயே ப்ரூஃப்னு நெனைக்காதீங்க. 1902ல எட்வர்டு ராஜா பட்டாபிசேகத்துக்கு இங்கிலாந்துல அடிச்ச ப்ரூஃப் மின்னவே மின்னாது, வேணும்னே மங்கலா, மணல் வீசுன மாதிரி விட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு 'ப்ரூஃப் இல்ல'ன்னு தூக்கிப் போட்டவங்களும் உண்டு. அப்பறம், நெஜமான ப்ரூஃபே கெடைச்சாலும் வளையம் பத்த வச்சு மாலையில கோத்தா அடுத்த நிமிசம் அது வெறும் தங்கம், மாலைக்கு நல்ல கடையில சாதாக் காசு வாங்கிக்கங்க.

கரூர்க்காரருக்கு ஒண்ணு சொல்லோணும். உங்க அமராவதி ஆத்து மணல்ல ரோமானியக் காசு பொறுக்குனவங்க, எங்க வெள்ளலூர்ல பானை பானையா எடுத்தவங்க, இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை. தென்னாட்டுல கெடைச்சதுல ரோம்ல அடிக்காம இங்கயே அதைப் பாத்து அடிச்ச காசும் இருக்குது, ராஜா தலை கோணல் மாணலா, எழுத்துன்னு பேருக்குக் குச்சி குச்சியா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்துல ஆளுங்க டூப்ளிகேட்டுல கை தேர்ந்தவங்க போல. இன்னிக்கு அந்த டூப்பையே மியூசியத்துல வச்சிருக்காங்க, அது வேற விசயம்.

ராமர் சீதை படம் போட்டு ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818 அரையணான்னு இருக்கற 'ப்ரூஃப்' காசு எங்க மாமாகிட்ட இருக்குது. ஒருத்தர் அஞ்சு லட்சம் தரேன், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்கறாரு.
– சத்தியமங்கலம்

கட்டாதீங்க. அது எந்த நாணயச்சாலையிலயும் அடிச்ச காசே இல்ல, கம்பெனி அப்படி ஒண்ணு அடிச்சதே கெடையாது, பின்னால யாரோ பண்ணி வித்த டோக்கன். அரிசியைத் தன் பக்கம் இழுக்கற சக்தி இருக்குதுன்னு சொல்லி நம்ம பக்கம் எத்தனை குடும்பத்தை முழுங்குன சாமான்! பழைய காசு வாங்கறோம், கட்டணம் கட்டுங்கன்னு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி ஏமாத்தறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிக்கை விட்டிருக்குது. மாமா ஏற்கனவே பணம் கட்டியிருந்தார்னா இன்னிக்கே சைபர் குற்ற உதவி நம்பர் 1930க்குக் கூப்புடுங்க, நாளைக்குன்னு விடாதீங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடியும் பார்சல் வந்ததும் என்ன பண்ணோணும்? சுருக்கமாச் சொல்லுங்க.
– காங்கேயம்

விக்கறவர்கிட்ட அவர் கையில இருக்கற காசையே, இன்னிக்குப் பேப்பர் தேதி தெரியற மாதிரி கீழ வச்சு, ஒரே ஒரு லைட்டுக்கு அடியில மெதுவாச் சாச்சுச் சாச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ப்ரூஃப் மொகம் சாய்க்கச் சாய்க்கக் கன்னங்கரேல்னு கறுத்து, பளீர்னு வெளுக்கும், பஃப் அடிச்சது எப்பவும் ஒரே மேனிக்கு மினுங்கும். விளிம்புக்குத் தனியா ஒரு போட்டோ, அதைக் கேட்டாலே பாதிப்பேரு பதில் சொல்ல மாட்டாங்க. வார்ப்புல ஊத்துன போலியா இருந்தா விளிம்பைச் சுத்தி ஒட்டுக் கோடு தெரியும், மொகத்துல ஊசிமுனைக் குமிழியும் இருக்கும். இன்னொரு கணக்கு, 35 கிராம் காசுல பாதின்னா பதினேழரை கிராம் வெள்ளி, அன்னிக்கு வெள்ளி விலையைப் போட்டுப் பெருக்குங்க, காசோட விலை அதை விடக் கம்மியா இருந்தா ஆளு நல்லவர்னு நெனைச்சுக்காதீங்க. சில போலிக்கு லென்ஸே வேண்டாம், ரூபாய்க் குறியீடு வந்ததே 2010ல, காமராசர் நூற்றாண்டு 2003 காசுல அந்தக் குறி இருந்துச்சுன்னா மூடி வச்சுட்டுப் போயிரலாம்.

பார்சலைப் பிரிக்கறப்ப விலாசம் ஒட்டுனதுல இருந்து காசு வெளிய வர்ற வரைக்கும் நிறுத்தாம வீடியோ. தகராறு ஆச்சுன்னா தேசிய நுகர்வோர் உதவி நம்பர் 1915.

கண்ணு, எங்க வீட்டுக்காரர் வச்சுட்டுப் போன காந்தி பத்து ரூபா வெள்ளிக்காசு இருக்குது. 1948ன்னு போட்டிருக்குது. பேரன் நெட்டுல பாத்துட்டு 'இது ப்ரூஃப் அம்மாயி, பெரிய விலை'ங்கறான். நெஜமா?
– தாராபுரம்

அம்மா, அந்த 1869 – 1948ங்கறது காந்தி பொறந்த வருசமும் போன வருசமும்ங்க. காசு அடிச்சது அவர் நூற்றாண்டுக்கு, 1969ல. அடிச்ச வருசமே அதுல இல்ல, அதனால நெறையப் பேரு 1948 காசுன்னு சொல்லி விக்கறாங்க, பேரன் பாத்ததும் அதாத்தான் இருக்கும். 15 கிராம், 34 மில்லிமீட்டர், நூத்துக்கு எண்பது வெள்ளி, நல்ல காசுதான், நெறைய வீட்டுல இருக்குது. ப்ரூஃபா இல்லையான்னு பாக்க பேரனை லென்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நாணயச்சாலைக் குறி கடுகளவுதான் இருக்கும். பம்பாய்ல அடிச்ச ப்ரூஃபுக்கு அப்ப இங்கிலீஷ் 'பி' எழுத்து போடுவாங்க, ஊருக்குப் பேரு மாறுன பொறகு 'எம்' ஆச்சு. சின்ன வைரக்கட்டம் மாதிரி இருந்தா பம்பாய் சாதாக்காசு, குறியே இல்லீன்னா கல்கத்தா. 'பி' இருந்து, மொகமும் கண்ணாடியா இருந்துச்சுன்னா ப்ரூஃப் செட்டுல இருந்து வந்தது, பேரன் சொன்னதுல பாதி உண்மை.

ரெண்டு பக்கமும் விளிம்பும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா, அடுத்த இதழ்ல சொல்றேன். எடுக்கறதுக்கு முன்னாடி சேலை முந்தானையில தொடைச்சுராதீங்க.